பினாங்கில் குப்பி வீட்டிற்கு: குழுவின்றிச் சென்ற ஒரு பயணமும் சில படிப்பினைகளும்





வெளிநாட்டுப் பயணம் என்றால் நம் மக்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளையே அறிவர். ஒன்று, பொருளீட்டுவதற்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்வது. மற்றொன்று, ஹஜ், உம்ராக் குழுவினருடன் புனித நகரங்களுக்குச் செல்வது. முன்னதில் வேலை தருபவர் அழைத்துக்கொள்கிறார். பின்னதில் குழுத் தலைவர் முன்னே நடக்கிறார். நாம் பின்னே செல்கிறோம். தாமே பயணச்சீட்டு எடுத்து, தாமே தங்குமிடம் தேடி, தாமே வழி கேட்டுச் செல்லும் பயணம் எங்களைப் போன்ற சிற்றூர்வாசிகளுக்குப் புதியது. ஆனைமலையைச் சேர்ந்த கணவன் மனைவியாகிய நாங்கள் இருவரும், 2024 ஆம் ஆண்டு ஜூலை மாதம் பத்து நாட்கள் அவ்வாறு மலேசியா சென்று திரும்பினோம். அதன்பின் எங்களிடம் விவரம் கேட்டோர் பலர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே ஒருசேர எழுதுகிறோம்.

தனியே சென்றதற்குக் காரணம்

எங்களில் ஒருவரின் அத்தாவுடைய தங்கை, எங்கள் குப்பி, 1962 இல் நிக்காஹ் முடிந்து பினாங்குக்குச் சென்றவர். அக்காலத்தில் மலாயா செல்வோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறுவர். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் ஓடிய ‘ரஜூலா’ கப்பலில்தான் அவர்களும் சென்றார்கள். கடைசியாக ஊருக்கு வந்தது தம் அண்ணன் மறைந்தபோது. அதற்குப் பிறகு மூட்டு வலியும் இதய நோயும் அவர்களை வீட்டோடு நிறுத்திவிட்டன. தொலைபேசியில் பேசும்போதெல்லாம், “ஒருக்கா வந்து மொகத்தக் காட்டீட்டுப் போங்க கண்ணு” என்பார்கள்.

மலேசியச் சுற்றுலாவிற்கு அழைத்துச் செல்லும் முகவர்கள் சிலரிடம் விசாரித்தோம். கோபுரங்கள், மலை வாசத்தலம், கடைவீதி எல்லாம் அவர்களின் பட்டியலில் இருந்தன. பினாங்குக்கு அரை நாள் ஒதுக்கியிருந்தனர். குப்பியின் வீடு எந்தப் பட்டியலிலும் இருக்க இயலாதல்லவா? ஆகவே நாங்களே செல்வதென்று முடிவு செய்தோம்.

உறவினர்கள் அஞ்சினார்கள். “ஆங்கிலம் சரளமாக வராதே, வழி தவறினால் என்ன செய்வீர்கள்?” என்றார் ஒருவர். “இவ்வளவு செலவழித்து இன்னொரு உம்ரா செய்யலாமே” என்றார் மற்றொருவர். இரண்டாவது கேள்வி எங்களையும் சிந்திக்க வைத்தது. ஹஜ் கடமையை அல்லாஹ்வின் அருளால் முன்னரே நிறைவேற்றியிருந்தோம். ஊர் ஆலிம் ஒருவரிடம் கேட்டபோது, கடமை முடிந்திருக்கும் நிலையில் மூத்த உறவினரைக் கண்டு வருவதும் இபாதத்தே என்று விளக்கினார். உறவைப் பேணுதல் மார்க்கம் வலியுறுத்தும் கடமைகளுள் ஒன்று என்பதை நாம் அனைவரும் அறிவோம். அது எவ்வளவு தொலைவு வரை என்பதைத்தான் நாம் வசதிப்படி சுருக்கிக் கொள்கிறோம்.

புறப்படும் முன்

முதலில் கடவுச்சீட்டு. செல்லும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களாவது அது செல்லுபடியாக வேண்டும். அதைவிட முக்கியமானது பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தலைப்பெழுத்து மட்டுமே உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தால் சில நாடுகளில் சிக்கல் வரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. புதிதாக விண்ணப்பிப்போர் தலைப்பெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்துவிடுவது நல்லது. முஹம்மது, முகமது, முஹைதீன், மொய்தீன் என்று நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் பத்து விதமான எழுத்துக்கூட்டல்கள் உள்ளன. ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று என்று எப்படி இருந்தாலும், விமானச் சீட்டில் இருப்பது கடவுச்சீட்டில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

அடுத்து விசா. இந்தியர்கள் 30 நாட்கள் வரை விசா இன்றி வந்து செல்ல 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா அனுமதி வழங்கியது. இத்தகைய சலுகைகள் கால எல்லைக்கு உட்பட்டவை. புறப்படும் முன் சரிபார்த்துக் கொள்க. விசா இல்லாவிடினும், அந்நாட்டில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. அதே அட்டையைக் காட்டிப் பணம் பறிக்கும் போலித் தளங்கள் உண்டு. கட்டணம் கேட்டால் உடனே விலகிவிடுங்கள். திரும்பி வரும் சீட்டு, தங்குமிட முகவரி, கைச்செலவிற்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு வைத்திருந்தோம். அதிகாரி கேட்டபோது கைப்பேசியைத் தேடாமல் எடுத்துக் கொடுக்க முடிந்தது.

விமானச் சீட்டைப் பற்றி ஒரு சொல். கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் பினாங்கு செல்வது எங்களுக்கு எளிதாக இருந்தது. கோவை முதல் பினாங்கு வரை ஒரே பதிவாக எடுத்தால் பெட்டி நேரே போய்ச் சேரும். சிங்கப்பூரில் நாம் வெளியே வர வேண்டியதில்லை. விலை குறைவென்று இரண்டு தனித்தனிச் சீட்டுகளாக எடுத்தால், பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைப்பதற்காகச் சிங்கப்பூருக்குள் நுழைய நேரிடும். அதற்கு இந்தியர்களுக்கு விசா தேவை. பினாங்கில் இறங்கிக் கோலாலம்பூரிலிருந்து திரும்பும்படியும் ஒரே பதிவாக எடுக்கலாம். வந்த வழியே மீண்டும் செல்லும் நேரமும் செலவும் அதனால் மிச்சமாகும்.

தென்னை விளையும் ஊரிலிருந்து செல்கிறோம், குப்பிக்குத் தேங்காய் கொண்டு செல்லலாமே என்ற ஆசை இருந்தது. விதை, செடி, காய்கனிகளைக் கொண்டு செல்வதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. உலர்ந்த கொப்பரையோ எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் ஏற்றப்படுவதில்லை. ஆகவே வறுத்து அரைத்த காப்பித் தூளும், மல்லித் தூளும், வீட்டில் செய்த அரிசி முறுக்கும் எடுத்துச் சென்றோம்.

இவற்றுக்கெல்லாம் முன்னே செய்ய வேண்டியவையும் உண்டு. கொடுக்க வேண்டிய கடன்களைத் தீர்த்தோம். தீர்க்க இயலாதவற்றை எழுதி வைத்தோம். எங்களிடம் இருந்த அமானத்துகளை உரியவரிடம் ஒப்படைத்தோம். வஸிய்யத்தை எழுதி மகனிடம் கொடுத்தோம். பயணம் செல்பவர் திரும்பாமலும் போகலாம் என்ற எண்ணத்தோடு புறப்படுவது நம் முன்னோர் வழக்கம்.

முஸாஃபிரின் தொழுகை

குழுவாகச் செல்லும்போது “இப்போது தொழுவோம்” என்று ஒருவர் அழைப்பார். தனியே செல்லும்போது வக்து, கிப்லா, கஸர் அனைத்தையும் நாமே அறிந்திருக்க வேண்டும். எனவே புறப்படும் முன் ஆலிமிடம் அமர்ந்து கேட்டுக் கொண்டோம். கொங்கு நாட்டு ராவுத்தர்களில் பெரும்பாலோரைப் போல நாங்களும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறோம். அதன்படி எங்களுக்குச் சொல்லப்பட்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம். இது ஃபத்வா அன்று; அவரவர் தத்தம் ஆலிமிடம் உறுதி செய்து கொள்க.

நீண்ட பயணத்தை நாடிப் புறப்பட்டவர் தம் ஊரின் குடியிருப்புகளைக் கடந்தவுடன் முஸாஃபிர் ஆகிறார். விமானம் ஏறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனைமலையைக் கடந்த பின் கோவை விமான நிலையத்தில் தொழுத இஷாவையே நாங்கள் இரண்டு ரக்அத்தாகத் தொழுதோம். ஓரிடத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தங்கும் நிய்யத் இல்லாத வரை கஸர் தொடரும். உள்ளூர் இமாமின் பின்னால் தொழும்போது மட்டும் நான்கையும் முழுமையாகத் தொழ வேண்டும். ஃபஜ்ருக்கும் மஃரிபுக்கும் சுருக்கம் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் அனுமதியும் உண்டு. தங்கும் நாட்களின் கணக்கும் வேறு.

உளுச் செய்வதை எளிதாக்கியது தோல் காலுறை. முறைப்படி அணிந்திருந்தால் ஊரில் இருப்பவர் ஒரு பகலும் ஓர் இரவும், முஸாஃபிர் மூன்று பகலும் மூன்று இரவும் அதன் மீது மஸஹ் செய்யலாம். விமானத்தின் குறுகிய கழிவறையில், காலைக் கழுவுவதற்காகத் தொட்டியின் மீது தூக்கி வைத்துத் தரையெல்லாம் ஈரமாக்கும் நிலை எங்களுக்கு ஏற்படவில்லை.

வானில் ஃபஜ்ர் வக்தைக் கணிப்பதில் கவனம் வேண்டும். நம்மை விட மலேசியாவும் சிங்கப்பூரும் இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கின்றன. கிழக்கு நோக்கிப் பறக்கையில் இரவு சுருங்குகிறது. ஊர்க் கடிகாரத்தில் மூன்றரை மணி இருக்கும்போதே எங்களுக்கு வானில் ஃபஜ்ர் வந்துவிட்டது. ஐந்து மணிக்கு எழலாம் என்று உறங்கியிருந்தால் கதிரவன் உதித்திருப்பான். கோவையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் திசைக்கு நேர் எதிரே கிப்லா அமைவதால், விமானத்தின் வால்பக்கம் நோக்கி நிற்க வேண்டும். பணிப்பெண்ணிடம் பணிவுடன் கேட்டோம். உணவு வண்டிகள் நிற்கும் பின்பகுதியில், இருக்கைப் பட்டை அணியும் அறிவிப்பு வருவதற்கு முன், ஒருவர் பின் ஒருவராக நின்று தொழ அனுமதித்தார்.

பினாங்கில் இறங்கியபின் கருவியை வைத்துப் பார்த்ததில் ஒரு வியப்பு. ஆனைமலையிலும் பினாங்கிலும் கிப்லாத் திசை ஏறத்தாழ ஒன்றே: மேற்கிலிருந்து சற்று வடக்கே. கடல் கடந்து வந்தும் நாங்கள் நிற்கும் திசை மாறவில்லை.

பெட்டி வரவில்லை

பினாங்கு விமான நிலையத்தில் எங்கள் இரு பெட்டிகளில் ஒன்று வந்து சேரவில்லை. இத்தகைய நேரத்தில் வெளியே வந்துவிடக் கூடாது. பெட்டிகள் வரும் கூடத்திலேயே உள்ள விமான நிறுவன முகப்பில் முறையிட்டு, எழுத்துப்பூர்வமான பதிவு எண்ணைப் பெற்றுக்கொண்ட பின்னரே வெளியேற வேண்டும். பெட்டியின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தது அடையாளம் சொல்ல உதவியது. மருந்துகள், மருத்துவரின் சீட்டு, ஒரு மாற்றுடை, முஸல்லா ஆகியவை கைப்பையில் இருந்தமையால் அல்லல் இல்லை. மறுநாள் மாலை பெட்டி வீட்டு வாசலுக்கு வந்தது. மல்லித் தூள் பொட்டலம் ஒன்று மட்டும் பிரிந்து துணிகளெல்லாம் மணந்தன.

உணவும் தங்கலும்

மலேசியாவில் உணவகத்தின் முகப்பில் அரசுத் துறையான ஜாகிம் வழங்கும் ஹலால் முத்திரையைக் காணலாம். அது இல்லாத இடத்தில் தயங்காமல் கேட்டுவிடுங்கள். எவரும் முகம் சுளிப்பதில்லை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளை அங்கே ‘மாமாக்’ என்கின்றனர். ‘மாமா’ என்ற நம் சொல்லே அவ்வாறு ஆயிற்று. சோற்றின் மீது பல குழம்புகளை ஊற்றித் தரும் ‘நாசி கண்டார்’ பினாங்கின் பெயர் பெற்ற உணவு. முன்னாளில் நம்மவர் தோளில் காவடித் தண்டு ஏந்தி அதை விற்றனர். ‘கண்டார்’ என்பது அத்தண்டையே குறிக்கும்.

விமான நிலையம், பேரங்காடி, தொடர்வண்டி நிலையம் எங்கும் ‘சுராவ்’ என்னும் தொழுகைக் கூடம் உண்டு. பெண்களுக்குத் தனியிடமும், மேலே அணிந்துகொள்ள ‘தெலகோங்’ என்னும் தொழுகை உடையும் வைத்திருக்கின்றனர். நம் பகுதியில் கடைவீதிக்குச் செல்லும் பெண்கள் அஸர் தவறிவிடுமே என்று பதைத்து வீடு திரும்புவதை எண்ணிப் பார்த்தோம். பயணத்தின் பத்து நாட்களிலும் எங்களில் எவருக்கும் ஒரு வக்துகூட இடமின்றித் தவறவில்லை. ஒரு சிறு அறையும் ஒரு குழாயும்தான் இதற்குத் தேவை. பொள்ளாச்சியிலும் கோவையிலும் வணிக வளாகம் கட்டும் நம் சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஜார்ஜ் டவுன் நகரில் நடந்தே பார்க்கத் தக்கவை ஏராளம். தமிழ் முஸ்லிம் வணிகரும் சமூகத் தலைவருமான காதர் முகைதீன் 1801 இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், நாகூர் ஆண்டகையின் பெயரால் அமைந்த தர்காவும், சூலியர் தெருவும் நம்மவரின் தடங்கள். அதே பகுதியில் தேவாலயமும் சீனர் கோயிலும் மாரியம்மன் கோயிலும் நடக்கும் தொலைவில் நிற்கின்றன. 2008 இல் மலாக்காவோடு சேர்த்து இந்நகரை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

குப்பியின் வீட்டில்

82 வயதான குப்பி சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். ஸலாமிற்குப் பதில் சொன்ன பின் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, “ஏனுங் கண்ணு, ஆழியாத்துல தண்ணி போகுதா?” என்பதே. வீட்டில் மகன் ஓரளவு தமிழ் பேசுகிறார். பேரப்பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் பேசுகின்றனர். ஆனைமலைப் பேச்சைப் பேசுவதற்கு அவ்வீட்டில் அவர்களைத் தவிர எவரும் இல்லை. நாங்கள் இருந்த ஐந்து நாட்களும் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரையும், எந்தக் காட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதையும், பெருநாளன்று யார் வீட்டிலிருந்து யார் வீட்டிற்குச் சோறு சென்றது என்பதையும் அங்கேதான் அறிந்தோம். அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

மலேசிய முஸ்லிம்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். பேரன் அங்குள்ள பள்ளியில் கற்றபடி ஃபஜ்ர் தொழுகையை வீட்டில் நடத்துவார். இரண்டாம் ரக்அத்தில் ருகூஉக்குப் பின் கைகளை உயர்த்திக் குனூத் ஓதுவார். மகனும் மருமகளும் ஆமீன் சொல்வார்கள். ஹனஃபிகள் அவ்விடத்தில் கைகளைத் தொங்கவிட்டு மௌனமாக நிற்க வேண்டும் என்று எங்கள் ஆலிம் சொல்லியிருந்தார். நாற்காலியில் அமர்ந்து தொழுத குப்பியும் அவ்வாறே கைகளைத் தொடையருகே விட்டு மௌனமாக இருந்ததைக் கண்டோம். அஸருக்கும் அப்படியே. பள்ளியில் பாங்கு சொல்லி ஒரு மணி நேரம் கழித்தே, ஹனஃபி வக்து வந்த பின் தொழுவார்கள். “எங்கத்தா சொல்லிக் குடுத்தது” என்றார்கள். 62 ஆண்டுகளாக அவ்வீட்டில் எவரும் அதைக் குறை கூறவில்லை. அவர்களும் பேரன் பின்னால் தொழ மறுக்கவில்லை.

மத்ஹபின் பெயரால் ஒருவரையொருவர் தூற்றும் நம் காலத்தில் இதை எழுதுவது அவசியம் என்று கருதுகிறோம். 1325 இல் தம் 21 ஆம் வயதில் டான்ஜியரிலிருந்து துணையின்றிப் புறப்பட்ட இப்னு பதூதா மாலிகி மத்ஹபைச் சேர்ந்தவர். நம் மதுரைச் சுல்தானின் அவையிலும் தங்கியிருந்தவர். பின்னர் சுமத்ராவின் சமுத்ரா நகரில் ஷாஃபிஈயான சுல்தானின் விருந்தினராக மரியாதையுடன் இருந்தார். பயணம் செய்தவர்களுக்கு இவ்வேற்றுமைகள் பழக்கமானவை. வீட்டிலேயே இருப்பவர்களுக்குத்தான் அவை பூதாகரமாகத் தெரிகின்றன.

வியாழனன்று படகில் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து விரைவுத் தொடர்வண்டியில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரை அடைந்தோம். விடுமுறை நாட்களில் இடம் கிடைப்பது அரிது. முன்னரே பதிவு செய்க. முஸாஃபிருக்கு ஜுமுஆ கடமை இல்லை எனினும், மறுநாள் அங்குள்ள மஸ்ஜித் இந்தியாவில் தொழுதோம். அந்நிய நகரில் தாய்மொழியில் குத்பா உரையைச் செவியுற்றது மனத்திற்கு இதமாக இருந்தது.

திரும்பிய பின்

2025 ரமளானில் குப்பி வஃபாத்தானார்கள். ஜனாஸாவில் எங்களால் கலந்துகொள்ள முடியவில்லை. அன்றிரவு அவர்களின் பேரன் தொலைபேசியில் அழைத்தார். “பாட்டி சொன்ன ஊர்க் கதைகளை நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்களே, எங்களுக்குத் தருவீர்களா?” என்று கேட்டார். குறிப்பேட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினோம். தமிழ் படிக்கத் தெரியாத அவருக்காக, எங்கள் மகள் இப்போது அவற்றை ஆங்கிலத்தில் எழுதி வருகிறாள்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் பர்மாவிலும் உறவுகள் இல்லாத தமிழ் முஸ்லிம் குடும்பம் அரிது. முந்தைய தலைமுறையோடு அந்த முகவரிகள் மறைந்து கொண்டிருக்கின்றன. மொழி தெரியாது, துணை இல்லை என்ற அச்சத்தால் ஒத்திப்போட வேண்டாம். ஒரு வெளிநாட்டுப் பயணத்திற்குத் தேவையான ஆங்கிலம் ஐம்பது சொற்களுக்கு மேல் இல்லை. எஞ்சியதை ஸலாமும் புன்னகையும் பார்த்துக்கொள்ளும். பெட்டியில் வைத்த பழைய கடிதங்களை எடுத்து, உறையின் மேலுள்ள முகவரியைப் பிள்ளைகளிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். கடவுச்சீட்டிற்கு விண்ணப்பிப்பது அதற்குப் பிறகு.

எங்கள் குப்பியின் பிழைகளைப் பொறுத்து, கப்ரை விசாலமாக்கி, மேலான சுவனத்தை வழங்குமாறு வல்ல அல்லாஹ்விடம் துஆ செய்யுங்கள். பயணத்தில் இருக்கும் நம் சகோதர, சகோதரிகள் அனைவரையும் அவன் நலமுடன் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.